தாலுகா ஆபீஸ் எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை: ஐந்தும் ஒன்றும் சேர்ந்து மூன்று நட்சத்திரம்

கூகுள் மேப்பில் இந்தக் கடைக்கு ஐந்து நட்சத்திரம் போட்டவர்களும் உண்டு, ஒன்று போட்டுத் திட்டியவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் உண்மையைத்தான் சொல்கிறார்கள் என்பது என் கட்சி. நான் மூன்று போடுகிறேன். கடைக்குள் இரண்டு கம்ப்யூட்டர் இருக்கின்றன. ஒன்றுக்கு ஐந்து, இன்னொன்றுக்கு ஒன்று, சராசரி மூன்று.

பெயர் எழுதவில்லை. எந்தத் தாலுகா அலுவலகத்துக்கு எதிரே போய் நின்றாலும் இதே கடையைப் பார்க்கலாம். மஞ்சள் போர்டு, அதில் பட்டா, சிட்டா, வில்லங்கம், பான் கார்டு, லேமினேஷன், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எல்லாம் ஒரே மூச்சில். வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒன்றுக்குக் கை உடைந்திருக்கும். பக்கத்தில் டீக்கடை. எங்களுடையது திருச்சி மாவட்டத்தில் ஒரு ஊர், அவ்வளவு போதும்.

நான் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் எழுத்தர். சேர்க்கைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ், பிறந்த தேதித் திருத்தம் என்று பதிவேடுகளோடுதான் என் பிழைப்பு. அப்பா போனபின் அவர் பெயரில் இருந்த 35 சென்ட் நிலத்தின் தாள்களை ஒழுங்கு பண்ணும் வேலை, 'நீதான் ஆபீஸ் வேலை தெரிஞ்சவ' என்ற ஒரே தகுதியால் என் தலையில் விழுந்தது. செய்ய வேண்டியவை மூன்று: பத்திரங்களை ஸ்கேன் பண்ணி எல்லோருக்கும் அனுப்புவது, வில்லங்கம் (நிலத்தின் மேல் விற்பனை, அடமானம் ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று) பார்ப்பது, வாரிசுச் சான்றிதழ் வாங்கிப் பட்டாவில் பெயர் மாற்றுவது. மூன்றுக்கும் இதே கடைக்குத்தான் போனேன்.

ஸ்கேனிங்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பக்கத்துக்கு 10 ரூபாய். மெஷின் நல்ல மெஷின், ஆனால் ஏ4 கண்ணாடி. பழைய முத்திரைத்தாள் அதைவிட நீளம். அப்படியே வைத்து மூடினால் அடிப்பகுதி இரண்டு அங்குலம் வெட்டுப்படும், கையெழுத்து இருப்பதே அந்த இரண்டு அங்குலத்தில்தான். அடுத்தது, பின்பக்கம். பதிவு செய்த ஆவணத்தில் சார்பதிவாளர் குறிப்பு, கைரேகை, சாட்சிகள், ஆவண எண், எந்தத் தொகுதியில் எந்தப் பக்கங்களில் நகலெடுத்து வைத்திருக்கிறார்கள் என்பது எல்லாம் தாளின் முதுகில்தான் இருக்கும். கேட்காவிட்டால் முன்பக்கத்தை மட்டும் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். ஊதா முத்திரை தெரிய வேண்டுமானால் கலரில் எடுக்கச் சொல்ல வேண்டும். இதையெல்லாம் சொன்னதும் கடைப்பையன் முகம் சுளிக்காமல் ஒவ்வொரு தாளையும் இரண்டு தடவையாக எடுத்துக் கொடுத்தான். மடிப்பில் இற்றுப்போன 1964 பத்திரத்தை லேமினேட் பண்ணித் தரட்டுமா என்று கேட்டான். வேண்டவே வேண்டாம். லேமினேஷனைப் பிரித்தால் தாளும் சேர்ந்து வந்துவிடும், மூலப் பத்திரத்தைக் கையால் தொட்டுப் பார்த்துத்தான் வங்கியில் வக்கீல் கருத்துச் சொல்வார். நானே ஒரு பிளாஸ்டிக் உறை வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

சரி, முதல் கம்ப்யூட்டருக்கு வருவோம்.

அதில் உட்கார்ந்திருப்பது பி.காம். படித்த ஒரு பெண், இருபத்தைந்து வயதிருக்கும். வில்லங்கம் பார்ப்பதுதான் அவள் வேலை. பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கத்தை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், புல எண், உட்பிரிவு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, அவ்வளவுதான் கேட்கும். பெரும்பாலான இடங்களுக்கு 1975 முதல் கிடைக்கிறது. வீட்டில் என் மகன் போனிலேயே எடுத்துக் கொடுத்துவிட்டான். 'வில்லங்கம் எதுவும் இல்லை' என்று ஒரே ஒரு பக்கம். வீடே நிம்மதிப் பெருமூச்சு விட்டது.

கடையில் அந்தத் தாளைக் காட்டினேன். அவள் ஒரு நொடி பார்த்துவிட்டு, "இது படிவம் 16, அக்கா. நீங்க கேட்ட நம்பர்ல ஒண்ணும் இல்லைன்னுதான் சொல்லுது. உங்க நிலத்துல ஒண்ணும் இல்லைன்னு சொல்லலை" என்றாள்.

இதற்குத்தான் ஐந்து நட்சத்திரம்.

விஷயம் இதுதான். 1979 ஜூனிலிருந்து 1987 ஏப்ரல் வரை தமிழ்நாட்டில் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. யுடிஆர் என்றால்தான் தாலுகா ஆபீஸில் புரியும். அப்போது கணக்குகளைப் புதிதாக எழுதினார்கள். எங்கள் கிராமத்தில் புல எண்களும் மாறின. ஏக்கர், சென்ட் போய் ஹெக்டேர், ஏர் (நூறு சதுர மீட்டர்) வந்தது. அப்பா வாங்கிய பத்திரத்தில் இருப்பது பழைய எண், பட்டாவில் இருப்பது புதிய எண். இடைப்பட்ட ஆண்டுகளில் எழுதிய பத்திரங்களில் எழுதியவர் கைக்கு எந்த எண் வந்ததோ அது இருக்கும். புதிய எண்ணைப் போட்டுத் தேடினால் பழைய எண்ணில் பதிந்த அடமானம் கண்ணில் படாது. இல்லாத வில்லங்கமும் தேடப்படாத வில்லங்கமும் ஒரே மாதிரித் தாளில்தான் வரும்.

அவள் என்ன செய்தாள் என்றால், முதலில் கிராமத்து நிலங்களின் அடிப்படைக் கணக்கான 'அ' பதிவேட்டை எடுத்தாள். அதில் பழைய எண்ணுக்கு ஒரு கலம் உண்டு. அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு மறுபடி தேடினாள். அப்புறம் உட்பிரிவு இல்லாமல் வெறும் புல எண்ணை மட்டும் போட்டுத் தேடினாள். பிறகு, அந்தக் காலத்தில் எங்கள் கிராமம் வேறொரு சார்பதிவாளர் அலுவலகத்தில் இருந்ததா என்று கேட்டாள். இருந்தது. அங்கேயும் தேடினாள். இந்த முறை வந்தது படிவம் 15, பதிவு ஏதாவது இருந்தால் வரும் தாள். 1980-களில் அப்பா நிலவள வங்கியில் வாங்கிய கடன் ஒன்று, அதை அடைத்ததற்கான ரசீதும் பதிவாகியிருந்தது. எங்களில் யாருக்குமே தெரியாத கடன். மோட்டார் போட்ட வருஷமாக இருக்கும் என்று அம்மா யோசித்து யோசித்துச் சொன்னார்.

1975-க்கு முந்தையதற்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுக் கையால்தான் தேட வேண்டும் என்பதையும் அவளே சொன்னாள். உயில் வில்லங்கத்தில் வராது, வாய்வழிப் பாகப்பிரிவினை வராது, கோர்ட்டில் கேஸ் நடந்தால் அதுவும் பெரும்பாலும் தெரியாது என்றாள். வக்கீலிடம் போயிருந்தால் இதற்கு நாலு இலக்கத்தில் கொடுத்திருப்பேன். இவளுக்கு 100 ரூபாய், பிரிண்ட் தனி.

இன்னொன்றும் காட்டினாள். பத்திரத்தில் 35 சென்ட். பட்டாவில் பரப்பு என்ற இடத்தில் 0 - 14.00 என்று இருக்கிறது, அதாவது 0 ஹெக்டேர், 14 ஏர். என் தம்பி அதைப் பார்த்துவிட்டு 14 சென்ட்தான் இருக்கிறது, மீதியை எவனோ சாப்பிட்டுவிட்டான் என்று ஒரு வாரமாகக் கத்திக்கொண்டிருந்தான். 14 ஏர் என்றால் கிட்டத்தட்ட 34.6 சென்ட். 35 சென்ட்டைச் சரியாக மாற்றினால் 14.16 ஏர் வரும், புள்ளிக்குப் பின்னால் இருந்ததை விட்டுவிட்டு முழுதாக்கி எழுதியிருக்கிறார்கள். வித்தியாசம் சுமார் 175 சதுர அடி. வயலில் அது ஒரு வரப்பு. நகரத்தில் அதே பரப்பில் ஒரு கடையே வைத்து வாடகைக்கு விடலாம், அதற்காகக் கேஸும் போடுவார்கள். அவள் கால்குலேட்டரில் தட்டிக் காட்டியதை அப்படியே போட்டோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். அன்றிலிருந்து சத்தம் இல்லை.

ஆக, பதிவேடு இலவசம், அதைப் படித்துச் சொல்லத்தான் காசு. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் சின்ன வயசில் கிராமக் கணக்குகள் கணக்குப்பிள்ளை வீட்டு மரப்பெட்டியில் இருந்தன. அடங்கலை (சாகுபடிக் கணக்கை) பார்க்க வேண்டுமானால் அவர் திண்ணையில் போய் நிற்க வேண்டும், அவர் மனசு வைக்க வேண்டும். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பகுதிநேரப் பதவிகளை ஒரேயடியாக ஒழித்து, பிறகு முழுநேர கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். பரம்பரையாகக் கைமாறி வந்த பெட்டி அரசாங்கத்துக்குப் போனது. இன்றைக்கு அந்தப் பெட்டி எல்லோர் போனிலும் திறந்து கிடக்கிறது. ஆனால் உள்ளே இருப்பதைப் படிக்கத் தெரிந்தவர் ஊருக்கு நாலு பேர்தான். நிலம் வாங்கி விற்பவர்களுக்குத் தனியாக ஆள் இருக்கிறது. காலையில் ஒரு புல எண்ணைக் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் மூன்று தலைமுறை வந்துவிடும். 35 சென்ட்காரனுக்கு இந்தப் பெண்தான் இருக்கிறாள். 100 ரூபாய்க்கு இது மலிவு.

இப்போது இரண்டாவது கம்ப்யூட்டர். அதில் உரிமையாளர் உட்கார்ந்திருப்பார். விண்ணப்பங்கள் எல்லாம் அவர் கையால்தான்.

இந்தக் கடை அரசு அனுமதி பெற்ற இ-சேவை மையம் இல்லை. பொதுமக்கள் வீட்டிலிருந்தே விண்ணப்பிக்க அரசு ஒரு வழி வைத்திருக்கிறதே, அதில் நம் பெயரில் கணக்குத் திறந்து நமக்காக அவர் தட்டுகிறார். வாரிசுச் சான்றுக்கு அரசுக் கட்டணம் 60 ரூபாய். அவர் கேட்டது 400. விலைப்பட்டியல் கிடையாது. எனக்கு முன்னால் நின்ற பெரியவரிடம் அதே வேலைக்கு 600 வாங்கினார், அவர் வெளியூர் போலிருக்கிறது. சாலையைத் தாண்டினால் தாலுகா அலுவலக வளாகத்திலேயே மையம் இருக்கிறது, அங்கே 60-தான். வரிசை நீளம், மதியம் டோக்கன் முடிந்துவிடும், ஒரு தாள் குறைந்தால் திரும்பி வர வேண்டும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவருக்கு 400 கொடுப்பது லாபமாகக்கூட இருக்கலாம். அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டுதான் உரிமையாளர் விலை வைக்கிறார்.

காசைக் கூட விட்டுவிடலாம். செல் நம்பர் விஷயத்தைத்தான் விட முடியாது. விண்ணப்பிக்கும் முன் ஒவ்வொருவருக்கும் கேன் எண் என்று ஒன்று உருவாக்க வேண்டும். அதில் ஒரு செல் நம்பர் பதிய வேண்டும், ஓடிபி அதற்குத்தான் வரும், மனு எந்த நிலையில் இருக்கிறது என்ற செய்தியும் அதற்குத்தான் வரும். வயதானவர்கள் போனில் ஓடிபி பார்த்துச் சொல்லத் தடுமாறுவார்கள், பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். உரிமையாளர் என்ன செய்கிறார் என்றால், தன் மேசையில் கிடக்கும் பட்டன் போனின் நம்பரையே போட்டுவிடுகிறார். வேலை சட்டென்று முடிகிறது. அப்புறம்? மனு ஏற்கப்பட்டதா, தள்ளுபடியா, கூடுதல் ஆவணம் கேட்கிறார்களா என்பது எல்லாம் அந்தப் பட்டன் போனுக்குள் போய் விழுகிறது. ஆளுக்கு ஒரு தடவை வந்து, "என்னாச்சு தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போக வேண்டும். அடுத்து எந்தச் சான்றிதழுக்குப் போனாலும் அந்த எண்ணை மாற்றாதவரை இதே கடைதான் கதி. என் சித்தியின் உதவித்தொகை மனு திருப்பி அனுப்பப்பட்டது சித்திக்குத் தெரியவே இல்லை. செய்தி வேறொரு ஊரில் இதே மாதிரி ஒரு கடையில் கிடந்தது. ஏமாற்ற வேண்டும் என்று யாரும் திட்டம் போட்டுச் செய்வதில்லை. ஆனால் ஒரு மனுஷியின் அரசாங்கப் பதிவு முழுக்க இன்னொருவர் மேசை டிராயரில் இருக்கிறது.

என் நம்பரைப் போடுங்கள் என்றேன். "எதுக்குக்கா சிரமம்?" என்றார். போடுங்கள் என்றேன். போட்டார்.

பிறகு வாரிசுகள் பட்டியல். அம்மா பெயர், இரண்டு தம்பிகள் பெயர் தட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். "நான் இருக்கேன், என் தங்கச்சி இருக்கா" என்றேன். "பொம்பளப் புள்ளைங்க பேரும் போடணுமாக்கா? எப்படியும் பின்னாடி விடுதலை எழுதிக் குடுத்துருவீங்கல்ல" என்றார். குரலில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. வழக்கமாக நடப்பதைச் சொல்கிறார், அவ்வளவுதான்.

அப்பா சொந்தக் காசில் வாங்கிய நிலம். உயில் எழுதாமல் போய்விட்டார். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்து என்றாலும் 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டுச் சட்டம் மகளுக்குப் பங்கு கொடுத்தது, அதற்கு முன் கல்யாணமானவர்களை மட்டும் விலக்கியது. 2005-ல் வந்த மத்தியச் சட்டம் அந்த விலக்கையும் எடுத்துவிட்டது. பிறகு விட்டுக்கொடுப்பதும் கொடுக்காததும் எங்கள் வீட்டு விஷயம். அதற்கு முதலில் தாளில் நாங்கள் இருக்க வேண்டும். பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதுகிறவளாவது பதிவேட்டில் ஒரு வரி பெறுகிறாள். விட்டுப்போனவளுக்கு அதுவும் இல்லை. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் முப்பது வருஷமாகப் பெயர் எழுதுகிறவளிடம் போய் இந்தக் கேள்வியைக் கேட்டார், பாவம். வாசல் நாற்காலிவரை கேட்கும்படி பதில் சொன்னேன். இரண்டு பெயரும் ஏறின. எத்தனை வீட்டுப் பட்டியலில் அப்படி ஏறாமல் போயிருக்கும் என்று அந்தத் திரையைப் பார்த்தபடியே நினைத்துக்கொண்டேன். இதற்காகவே அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு நட்சத்திரத்துக்கு மேல் வராது.

அந்தத் திரை பற்றியும் ஒன்று. அது வாடிக்கையாளர் பக்கம் திரும்பியிருக்கிறது. டெஸ்க்டாப் முழுக்கப் பெயர் பெயராகக் கோப்புகள்: ஆதார் முன், ஆதார் பின், ரேஷன் கார்டு, பாஸ்புக். எல்லோரும் கடை நம்பருக்கு வாட்ஸப்பில் அனுப்பியவை. எங்கள் தெருக்காரர் ஒருவரின் வங்கிக் கணக்கு எண்ணை எட்டாமலே படித்தேன். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, மீறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. இந்தக் கடையில் அதைச் சொன்னால் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும் நகலைக் கொடுங்கள் என்று 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் ஓர் அறிவிப்பு விட்டது. தவறாகப் புரிந்துகொள்ளப்படும் என்று சொல்லி இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். நம் தாள்களை அழிக்கச் சொன்னால் உரிமையாளர் அழித்துவிடுகிறார். குப்பைத்தொட்டியையும் காலி பண்ணச் சொல்ல வேண்டும்.

காகிதத்தில் இதே கதைதான். பாதி வந்து நின்ற பிரிண்ட், சாய்வாக விழுந்த ஜெராக்ஸ் எல்லாம் மேசைக்கடியில் ஓர் அட்டைப்பெட்டியில் சேர்கிறது. அது எங்கே போகிறது என்பதைப் பக்கத்து டீக்கடையில் தெரிந்துகொண்டேன். வடை வைத்துக் கொடுத்த தாளில் ஒரு வருமானச் சான்று விண்ணப்பம். பெயர், கதவு எண், குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய். எண்ணெய் பட்டதில் எழுத்து இன்னும் நன்றாகத் தெரிந்தது. வடை, சொல்லப்போனால், நன்றாகவே இருந்தது.

ஆவணங்களைப் போனில் வைத்துக்கொள்ள அரசு கொடுத்த டிஜிலாக்கர் இருக்கிறதே, கடைக்கே போக வேண்டாமே என்று கேட்பவர்களுக்கு: இருக்கிறது, நானும் வைத்திருக்கிறேன். 2015-ல் வந்தது. அதில் அந்தந்தத் துறையே அனுப்பி வைக்கும் ஆவணம் அசலுக்குச் சமம் என்று விதியே இருக்கிறது. நாமாக ஸ்கேன் பண்ணி ஏற்றியது வெறும் நகல்தான், இதைப் பலர் கவனிப்பதில்லை. அப்பாவின் 1964 பத்திரத்தை அதில் ஏற்றி வைத்தேன். தொலையாது என்பதைத் தவிர அதற்கு வேறு மரியாதை கிடையாது.

போவதாக இருந்தால் சில குறிப்புகள். வில்லங்கத்துக்கு மட்டும் போங்கள், அந்தப் பெண் இருக்கும் நேரம் காலை பத்தரை முதல் ஐந்து. மூலப் பத்திரத்தைக் கொண்டுபோங்கள், ஜெராக்ஸ் போதாது. எல்லை விவரத்தை அவள் வரிவரியாகப் பார்ப்பாள். கிராமத்தின் பழைய சார்பதிவாளர் அலுவலகம் எது என்று வீட்டில் வயசானவர்களிடம் கேட்டுக்கொண்டு போங்கள். 35 சென்ட்டோ 3 ஏக்கரோ, அவளுக்கு அதே 100 ரூபாய்தான். விண்ணப்பம் போட வேண்டுமானால் சாலையைத் தாண்டிப் போய் வரிசையில் நில்லுங்கள், இல்லை வீட்டில் படித்த பிள்ளையைப் பிடித்து உட்கார வையுங்கள். இந்தக் கடையில்தான் போட வேண்டும் என்றால் உங்கள் செல் நம்பர், எல்லா வாரிசுகள் பெயர், இரண்டையும் சமர்ப்பிக்கும் முன் திரையில் பார்த்துவிடுங்கள்.

முகூர்த்த நாளில் மட்டும் போகாதீர்கள். அன்றைக்குப் பத்திரப் பதிவுக் கூட்டம் ஜெராக்ஸுக்கு இங்கேதான் வரும். பின்பக்கத்தையும் ஸ்கேன் பண்ணுங்கள் என்று சொன்னால் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.